மூன்று மணிக்கே படலுக்கு வரும் மாடுகள்

கேள்வி: நாங்கள் தேவிபட்டினத்துக்கும் உப்பூருக்கும் இடையில், கடலை ஒட்டிய ஊரில் இருக்கிறோம். 2 ஜெர்சிக் கலப்புப் பசு, 2 நாட்டுப் பசு, ஒரு கிடாரி வைத்திருக்கிறேன். தை அறுப்பு முடிந்ததிலிருந்து அரிதாளிலும் கண்மாய்க்குள்ளும் மேய்கின்றன. புல் காய்ந்துவிட்டதால் மாசி முதல் தீனியைக் கூட்டினேன். காலை 6 மணிக்குப் பால் கறந்ததும் ஜெர்சி ஒவ்வொன்றுக்கும் 2 கிலோ குருணையைக் காய்ச்சி, 1 கிலோ தவிடு கலந்து வைக்கிறேன். நாட்டு மாடுகளுக்கு அதில் பாதி. 9 மணிக்கு அவிழ்த்துவிடுவேன். 11 முதல் 2 மணிவரை கருவேல நிழலில் படுத்துக்கொள்கின்றன. 3 மணிக்கே படல் வாசலில் வந்து நின்று கத்துகின்றன. 4 மணிக்குக் கறந்துவிட்டு, தவிட்டுத் தண்ணீர் காட்டிக் கட்டிவிடுகிறேன். ஜெர்சி இரண்டும் சேர்ந்து நாளைக்கு 12 லிட்டர் கறக்கின்றன. தீனி கூட்டியும் பால் ஏறவில்லை. கொழுப்பு குறைகிறது என்று பால் சங்கத்தில் விலை குறைகிறது. சாணம் இளகிப் போகிறது. “தீனியைக் காட்டிக் காட்டி மாட்டைச் சோம்பேறி ஆக்கிவிட்டாய், நிறுத்து” என்கிறார் மாமனார். நிறுத்திவிடலாமா? இன்னொன்று: நாட்டுப் பசு ஒன்று கரைக்குப் போய்க் காய்ந்த மீன் முள்ளையும் எலும்பையும் கடித்துக்கொண்டு நிற்கிறது. இது எதனால்?

பதில்:

அம்மா, வணக்கம். தீனியை நிறுத்த வேண்டாம். பங்குனி, சித்திரையில் நம் கரையோரத்துக் காய்ந்த புல்லை மட்டும் நம்பிக் கறவை மாட்டை விட்டால் ஒரு மாதத்தில் விலா எலும்பு தெரியும். அடுத்த சினையும் தள்ளிப்போகும். ஆனால் நீங்கள் கொடுக்கும் தீனியின் வகையும் வேளையும் மாற வேண்டும். உங்கள் மாமனார் கண்ணால் கண்டது சரி. தீனி வைக்கத் தொடங்கிய பிறகு மாடுகள் மேய்வது குறைந்திருக்கிறது. அதற்குச் சோம்பல் என்று அவர் சொல்லும் காரணம்தான் பொருந்தவில்லை. பசிக்கும் மாடு சோம்பி நிற்காது. அதன் வயிற்றுக்குள் நடப்பதையும் அதன் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதையும் சொல்லிவிட்டால், மீதியை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

முதலில் நாள் கணக்கைப் பார்ப்போம். மேய்ச்சலை நம்பி வாழும் மாடு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரம் மேய வேண்டும். அசைபோடுவதற்கு ஏறக்குறைய 6 முதல் 8 மணி நேரம் தனியாகப் போகும். அந்த மேய்ச்சலை அது நாள் முழுவதும் சமமாகப் பரப்பிக்கொள்வதில்லை. பொழுது விடிந்ததும் ஒரு பெரிய மேய்ச்சல், பொழுது சாயும் முன் இன்னொரு பெரிய மேய்ச்சல். இந்த இரண்டிலும்தான் வயிறு நிறைகிறது. வெயில் ஏறிவிட்டால் நிழலைத் தேடும். வெப்ப நாடுகளில் பகலில் விட்டதை மாடு இரவில் மேய்ந்து ஈடுகட்டும். கிடை மாடுகளை இரவில் கவனித்தவர்களுக்கு இது தெரியும்.

இப்போது உங்கள் வீட்டு நேரத்தை இதில் பொருத்திப் பாருங்கள். 6 மணிக்குக் கறந்ததும் கஞ்சி, பிறகு 9 மணிவரை தொழுவத்தில். விடியற்காலை மேய்ச்சல் முழுவதும் போயிற்று. 9 மணிக்கு வெளியே போகும்போது வயிற்றில் கஞ்சி, தலைக்கு மேல் வெயில். 11 மணிக்கு நிழல். 2 மணிக்கு எழுந்து ஒரு சுற்று மேய்ந்துவிட்டு 3 மணிக்குப் படல். ஆக மேய்ச்சல் நேரம் 3 மணி நேரம்தான். கடல்காற்று இறங்கி வெக்கை தணிகிற 4 மணிக்கு, மேய்வதற்கு நாளிலேயே நல்ல நேரத்தில், கட்டுத்தறியில் கட்டிவிடுகிறீர்கள். மாடு மேயவில்லை என்று சொல்வதைவிட, மேய அதற்கு வேளையே கிடைக்கவில்லை என்பது நியாயமாக இருக்கும்.

நம் மேய்ச்சல் நிலத்தில் இந்த நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். ஒரு நாள் மாட்டோடு போய் அதன் வாயைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மாட்டுக்கு மேல்வாயின் முன்னால் பல் கிடையாது. நாக்கை நீட்டிப் புல்லைச் சுற்றி இழுத்து, கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் இடையில் இறுக்கித் தலையை ஆட்டி அறுக்கிறது. முழங்கால் உயரத்தில் இளம் புல் இருந்தால் ஒவ்வொரு வாயும் கொள்ளுமளவுக்கு வரும். அரிதாள் வயலில் தரையோடு ஒட்டிய அருகம்புல்லில் நாக்கு சுற்றுவதற்கே பிடி கிடைக்காது. உதட்டாலும் பல்லாலும் கவ்வி, சிட்டிகை சிட்டிகையாகத்தான் எடுக்கும். கண்மாய்க்குள் முற்றிக் காய்ந்து நிற்கும் கோரையிலும் கொழுக்கட்டைப் புல்லிலும் வேறு சிக்கல். தண்டு நிறைய, இலை கொஞ்சம். மாடு தண்டை விலக்கி விலக்கி இலையைத் தேடிப் பொறுக்கும். வெப்ப மண்டலப் புற்கள் முற்ற முற்ற இலையும் தண்டும் தரத்தில் இப்படித்தான் விலகிப்போகும். மேய்ச்சல் நன்றாக இருந்தால் நிமிடத்துக்கு 50, 60 வாய் கடித்துக்கொண்டே போகிற மாடு, இங்கே பொறுக்குவதிலும் நடப்பதிலும் நேரத்தைக் கழிக்கிறது. வாய் சிறியதாகும்போது வயிற்றை நிரப்ப அதற்கு இருக்கிற ஒரே வழி கூடுதல் நேரம் மேய்வது. அந்த நேரத்தைத்தான் நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது கஞ்சி. இதை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இராமநாதபுரம் கரையோர ஊர்களில் பாசத்தோடு மாடு வளர்ப்பவர்கள் பலரும் செய்வது இதுதான். குருணையைக் காய்ச்சி வைத்தால் மாட்டுக்குக் குளிர்ச்சி, பால் சுரக்கும் என்ற நம்பிக்கை ஆழமாக இருக்கிறது.

மாட்டின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மாடு தின்னும் புல்லை முதலில் செரிப்பவை அவைதான். நாரைச் செரிக்கும் கூட்டம் ஒன்று, மாவுச்சத்தைச் செரிக்கும் கூட்டம் இன்னொன்று. நாரைச் செரிப்பவை மெதுவாக வேலை செய்பவை. புளிப்பு ஏறினால் தாங்காதவை. குருணைக் கஞ்சி பெருவயிற்றில் இறங்கியதும் மாவுச்சத்துக் கூட்டம் பெருகி, மளமளவென்று அமிலத்தை உண்டாக்குகிறது. காய்ச்சிய மாவு பச்சைத் தானியத்தைவிட இன்னும் வேகமாகப் புளிக்கும். பெருவயிற்றின் கார அமில நிலை (pH) 6-க்குக் கீழே இறங்கிவிட்டால் நாரைச் செரிக்கும் கூட்டம் முடங்கிவிடும். அப்போது முதல் நாள் தின்ற புல்லும் வைக்கோலும் உடையாமல் உள்ளேயே கிடக்கும். வயிறு காலியாகாத மாடு புதிதாக மேயாது. காலையில் உங்கள் மாடு 9 மணிக்கு வெளியே போயும் மந்தமாக நின்றால் காரணம் இதுதான்.

பாலின் கொழுப்பு குறைந்ததற்கும் இதுவே வேர். நார் செரிக்கும்போது உண்டாகும் அசெட்டிக் அமிலத்திலிருந்துதான் பாலின் கொழுப்பில் கணிசமான பங்கு உருவாகிறது. நார் செரிமானம் குறைந்தால் சங்கத்துச் சீட்டில் அந்த எண் இறங்குகிறது. சாணம் இளகுவதும் அதே கதையின் இன்னொரு முகம். கஞ்சி 3 கிலோ போனது என்று நீங்கள் கணக்கு வைக்கிறீர்கள். உள்ளே செரிக்காமல் போன புல்லையும் வெளியே மேயாமல் விட்ட புல்லையும் சேர்த்துக் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது கொஞ்சம். விறகுச் செலவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

தீனி உள்ளே போனால் மேய்ச்சல் குறைவது எல்லாத் தீனிக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை. பச்சைப் புல் தாராளமாக இருக்கும் கார்த்திகை, மார்கழியில் ஒரு கிலோ தானியத் தீனி கொடுத்தால் அரை கிலோ அளவுக்கு, சில வேளை அதற்கு மேலும் மாடு புல்லைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் காய்ந்த புல்லில் மேயும் மாட்டுக்குப் புரதத் தீனியைக் கொஞ்சமாகக் கொடுத்தால் நேர்மாறாக நடக்கிறது. மேய்ச்சல் கூடுகிறது. நுண்ணுயிர்கள் பெருகப் புரதத்தில் உள்ள நைட்ரஜன் வேண்டும். தீவனத்தில் புரதம் 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அவை பசியில் வாடும். நம் பக்கத்து வைக்கோலில் 3, 4 விழுக்காடுதான் இருக்கிறது. சித்திரையில் காய்ந்து நிற்கும் புல்லும் பெரும்பாலும் அந்த 7-ஐத் தொடாது. புரதம் கிடைத்ததும் நுண்ணுயிர்கள் பெருகி நாரை வேகமாக உடைக்கின்றன, பெருவயிறு காலியாகிறது, மாடு தானாகவே புல்லைத் தேடிப் போகிறது. வட ஆஸ்திரேலியாவின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில், மழையற்ற மாதங்களில் மாடுகளுக்கு யூரியா கலந்த நக்குத் தீனியை வைப்பது பல பத்தாண்டுகளாக வழக்கத்தில் இருப்பது இதற்காகத்தான். மண்ணும் புல்லும் வேறு. காய்ந்த புல்லில் நைட்ரஜன் குறைவு என்ற இடைஞ்சல் மட்டும் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றே.

ஆகவே உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. காய்ச்சுவதை விட்டுவிடுங்கள். ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். 10 நாளில் படிப்படியாகக் குறைத்து, அந்த இடத்தில் புதிய கலவையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 10 கிலோ கலவைக்குத் தவிடு 4 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 3 கிலோ, உளுந்தம்பொட்டு 1 கிலோ, காய்ச்சாத குருணை 1 கிலோ 800 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். கடலைப் பிண்ணாக்கு விலை ஏறியிருக்கும் மாதங்களில் எள்ளுப் பிண்ணாக்கு அகப்பட்டால் சேர்க்கலாம். உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் தென்னை இருப்பதால் தேங்காய்ப் பிண்ணாக்கும் கிடைக்கும். ஆனால் அதில் புரதம் கடலைப் பிண்ணாக்கில் பாதிதான், அளவை அதற்கேற்பக் கூட்ட வேண்டும். பூசணம் பிடித்த பிண்ணாக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுத்துப் பாலிலும் வரும்.

ஜெர்சிக்கு நாளைக்கு இரண்டரை கிலோ கலவை. இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் 6 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு அது சரியாக வரும். ஜெர்சிக் கலப்பைப் பிண்ணாக்கும் காய்ந்த புல்லும் மட்டும் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். அந்த உடம்பு கறக்கும் அளவுக்கு எரிசக்தியும் வேண்டும். நாட்டு மாடுகளுக்கு அரை கிலோ பிண்ணாக்கும் 30 கிராம் தாது உப்பும் போதும். கிடாரிக்குக் கால் கிலோ முதல் அரை கிலோ பிண்ணாக்கு. நாட்டு மாடு கறவை வற்றி நிற்கும் காலத்தில் அதன் பிண்ணாக்கைத் தினமும் கொடுக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு வாரத்துக்கு உரியதைப் பிரித்து ஒன்று விட்டு ஒரு நாள் கொடுத்தாலும் அநேகமாக அதே பலன் கிடைக்கும். மாடு மிஞ்சும் நைட்ரஜனை உமிழ்நீர் வழியாகப் பெருவயிற்றுக்கே திருப்பிக் கொண்டுவரும் திறமை உள்ள பிராணி. இந்தச் சலுகை பிண்ணாக்குக்கு மட்டும்தான். யூரியாவையும் தானியத்தையும் ஒரு நாள் விட்டு மறுநாள் சேர்த்துக் கொடுத்தால் ஆபத்து.

இனி வேளை. காலையில் கறக்கும்போதே ஜெர்சிகளுக்குப் பாதிக் கலவையைப் பிசிறி வையுங்கள். கறந்து முடித்ததும், 6.30-க்குள் அவிழ்த்துவிடுங்கள். பனி விலகட்டும், வெயில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 11 மணிவரை அவை மேயட்டும். நிழலில் படுப்பதைத் தடுக்காதீர்கள். அது அசைபோடும் நேரம், அதுவும் வேலைதான். 4 மணிக்குச் சங்கத்துக்குப் பால் வேண்டும், ஆகவே மாடு வந்தே ஆக வேண்டும். அப்போது கலவையைக் காட்டாதீர்கள். ஒரு கைப்பிடி பொட்டு, வயிறு நிறையத் தண்ணீர், பால் கறவை, அவ்வளவுதான். 4.30-க்கு மறுபடி வெளியே ஓட்டுங்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பியதும் மீதிப் பாதிக் கலவை, இரவுக்கு வைக்கோல். மாலை மேய்ச்சலுக்குக் கூடவே போக ஆள் வேண்டுமே என்றால், உங்கள் மாமனாருக்கு உடல்நலம் இடங்கொடுத்தால் அவரையே கேளுங்கள். மாடு மேய்வதை இத்தனை கூர்ந்து கவனித்திருப்பவர் அவர்தான்.

முதல் சில நாள் 3 மணிக்கு வந்து கத்தத்தான் செய்யும். வாளி வைக்கும் சத்தமும் நீங்கள் தொழுவத்துக்கு வரும் நேரமும் மாட்டுக்கு மனப்பாடம். தீனி வரும் இடத்தையும் வேளையையும் ஓரிரு வாரத்திலேயே பழகிக்கொண்டு, அதற்கு முன்பாகவே மேய்ச்சலை விட்டுவிட்டு வந்து நிற்பது எல்லா ஊர் மாடுகளிடமும் உள்ள இயல்பு. வெளிநாட்டில் மேய்ச்சல் காளைகளை வைத்து நடந்த சோதனையில், தானியத்தைக் காலையில் கொடுத்ததைவிட நடுப்பகலில் கொடுத்தபோது மேய்ச்சல் குறைவாகவே கெட்டது. மாடு எப்படியும் ஓய்ந்திருக்கும் வேளை அது. நமக்குப் பால் கறவை நேரம் குறுக்கே நிற்பதால் கடைசி மேய்ச்சலுக்குப் பிறகு கொடுப்பது நல்லது என்கிறேன். கத்தினாலும் இளகாதீர்கள். ஒரு நாள் 3 மணிக்குக் கொடுத்துவிட்டால் பழையபடி அங்கேதான் வந்து நிற்கும்.

தொட்டி விஷயமும் உண்டு. 5 மாடும் ஒரே தொட்டியில் வாய் வைத்தால் கொம்புள்ள நாட்டு மாடு ஜெர்சியின் பங்கைத் தின்னும், கிடாரிக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டரை அடி இடமாவது வேண்டும். இடம் இல்லையென்றால் தனித்தனியாகக் கட்டித் தனித்தனிச் சட்டியில் வையுங்கள்.

இரவு வைக்கோலை யூரியா ஊட்டி வைத்தால் இன்னும் நல்லது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நல்ல தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைத்திருக்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் திறந்து அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து, வாடை போக ஒரு மணி நேரம் காற்றாட விட்டுக் கொடுங்கள். வைக்கோலின் புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். முதல் வாரம் கொஞ்சமாகத் தொடங்குங்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. யூரியா மூட்டையும் கரைசல் வாளியும் மாடு எட்டும் இடத்தில் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. அந்தத் தண்ணீரைக் குடித்த மாடு வயிறு ஊதி, உடல் நடுங்கிச் சில மணி நேரத்தில் செத்துப்போகும். இதில் எனக்கு எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை. வீட்டில் சிறு பிள்ளைகளோ அவிழ்ந்து திரியும் கன்றோ இருந்து, கவனிக்க ஆள் இல்லை என்றால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். பிண்ணாக்கே போதும்.

சீமைக்கருவேல நெற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கோடையில் உங்கள் மாடுகளுக்கு நீங்கள் அளந்து கொடுக்காத தீனி அதுதான். நெற்று பழுத்து விழும் மாதங்களில் மாடு புல்லை விட்டுவிட்டு மரத்துக்கு மரம் போகும். இனிப்பு அதிகம், புரதமும் ஓரளவு இருக்கிறது. நிழலில் படுத்திருப்பதாக நீங்கள் நினைக்கும் நேரத்தில் பாதி நெற்றுப் பொறுக்கும் நேரமாக இருக்கலாம். கொஞ்சம் தின்றால் நல்லதே. மாதக்கணக்கில் அதையே பெருந்தீனியாகத் தின்னும் மாட்டுக்குத் தாடை நரம்பு பாதித்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, மெல்ல முடியாமல் இளைத்துப்போகும். நெற்று நிறைய விழும் நாட்களில் கலவையில் உள்ள குருணையை நிறுத்திவிட்டுப் பிண்ணாக்கை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நெற்றைச் சேகரித்து வைப்பதானால் விதையோடு இடித்துக் கொடுங்கள். முழு விதை சாணத்தில் அப்படியே வெளியேறி உங்கள் வயலிலேயே முளைக்கும்.

தண்ணீரை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக்கரிக்குமே என்று எனக்குத் தோன்றுகிறது. காய்ந்த புல்லைத் தின்னும் கறவை மாட்டுக்கு வெயில் காலத்தில் நாளைக்கு 60 லிட்டருக்கு மேலும் வேண்டியிருக்கும். தண்ணீர் குறைந்தால் மேய்ச்சலும் அன்றே குறைந்துவிடும். ஊருணித் தண்ணீர் இருக்கும்வரை அதைக் காட்டுங்கள். குழாய்த் தண்ணீர்தான் என்றால் அதன் மொத்த உப்பளவைச் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 3,000 மில்லிகிராம்வரை மாட்டுக்குத் தொல்லை இல்லை. 5,000-ஐத் தாண்டினால் கறவைக்கு நல்லதல்ல. 7,000-ஐத் தாண்டியதைக் காட்டவே கூடாது. உப்புத் தண்ணீர் குடித்து, கரையில் உமிரி என்ற உவர்ச்செடியையும் கடிக்கும் மாட்டுக்குச் சாதாரண உப்புக் கட்டியைத் தொங்கவிடுவதால் பயனில்லை, அதை அது நக்கவும் நக்காது. கலவையில் நான் சாப்பாட்டு உப்பைச் சேர்க்காததும் அதனால்தான்.

இவையெல்லாம் பலிக்கின்றனவா என்று பார்க்கப் பால் அளவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அது மெதுவாகத்தான் ஏறும். சாணம் முதலில் மாறும். கீழே விழுந்து வட்டமாக நிற்கிற, நடுவில் சற்றுக் குழிந்த சாணம் நல்லது. நண்பகலில் படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோட வேண்டும். ஒரு கவளத்தை 50, 60 தடவை மெல்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். 30-க்குள் விழுங்கிவிட்டால் இன்னும் நார் போதவில்லை. மாலையில் திரும்பும்போது இடது பக்கத்து விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளம் நிறைந்திருக்க வேண்டும். கொழுப்பு எண் இரண்டு, மூன்று வாரத்தில் திரும்பும். ஐப்பசி மழைக்குப் பிறகு புதுப்புல் முளைத்ததும் பிண்ணாக்கைப் பாதியாக்குங்கள், வைக்கோலை மட்டும் நிறுத்தாதீர்கள். இளம் புல்லில் தண்ணீர்தான் அதிகம்.

கடைசியாக, மீன் எலும்பு கடிக்கும் நாட்டுப் பசு. நீங்கள் கடைசியில் எழுதியிருந்தாலும் நான் உடனே செய்யச் சொல்வது இதைத்தான். எலும்பையும் மண்ணையும் கயிற்றையும் மாடு தேடிக் கடித்தால் பெரும்பாலும் பாஸ்பரஸ் குறைவு. காய்ந்த புல்லில் அந்தச் சத்து மிகவும் குறைந்துபோகும். பால் கறக்கும் மாட்டுக்கு எலும்பிலிருந்தே இழுத்துக் கொடுக்க வேண்டிய நிலை வரும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தாது உப்புக் கலவையோ வேறு நல்ல கலவையோ வாங்கும்போது பாஸ்பரஸ் இருக்கிறதா என்று பையில் பார்த்து வாங்குங்கள். இந்தப் பசுவுக்கு ஒரு மாதம் 50 கிராமாகக் கொடுங்கள். அதனுடன் குடற்புழு மருந்தும் கொடுக்க வேண்டும். சினையாக இருந்தால் எந்த மருந்து என்று மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள்.

அதுவரை அந்தப் பசுவைக் கரைப்பக்கம் விடாதீர்கள். முள் தொண்டையில் சிக்குவது ஒருபுறம் இருக்க, அழுகிய எலும்பிலும் தசையிலும் உண்டாகும் நச்சு மாட்டின் தசைகளை முடக்கிவிடும். பின்னங்கால் தளர்ந்து தடுமாறினாலோ, நாக்கை உள்ளே இழுக்க முடியாமல் தொங்கவிட்டாலோ, தண்ணீர் குடிக்கப் பார்த்து முடியாமல் நின்றாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். வாய் வழியாகக் கஷாயமோ எண்ணெயோ ஊற்ற வேண்டாம், விழுங்க முடியாத மாட்டுக்கு அது நுரையீரலில் இறங்கிவிடும். உடனே உங்கள் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962 என்ற எண்ணை அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேளுங்கள்.